ஹெல்மெட்டில் கேமரா: படத்துக்கு முன்னால் கயிற்றைப் பாருங்கள்

சென்னையில் பைக் ஓட்டுகிற யாருக்கும் மாஞ்சா நூலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தடை இருந்தும் காற்றாடிக் காலம் வந்தால் ஏதாவதொரு மேம்பாலத்தில் அது குறுக்கே தொங்குகிறது. கழுத்தில் மாட்டிய பிறகுதான் நூல் இருந்ததே தெரியும். விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங்குக்கு ஹெல்மெட் கேமரா தேடுகிறவர்களுக்கு முதலில் நினைவு வர வேண்டியது அந்த நூல்தான். பாராசூட்டில் நம்மைத் தாங்கும் கயிறுகளில் பல ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். உங்கள் முதுகிலிருந்து கிளம்பி, தலையை உரசாத குறையாக, ஓரிரு நொடிகளில் அவை மேலே விரிகின்றன. அந்த வழியில் கேமரா என்ற பெயரில் ஒரு கொக்கியை நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

போன மாதம் வேளச்சேரி டீக்கடையில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனை நீட்டினார். "அண்ணா, ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு கேமரா பார்த்து வச்சிருக்கேன். எதுல பிக்சர் நல்லா இருக்கும்?" என்றார். "ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்கும். கயிறு மாட்டிக்கிச்சுன்னா ஹெல்மெட்டை எந்தக் கையால கழட்டுவ?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அன்று அவரிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: இப்போது கேமரா வேண்டுமா?

டேண்டம் ஜம்ப் போகிறீர்கள் என்றால் எதுவும் வாங்க வேண்டாம். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும்போது படம் எடுப்பது உங்கள் வேலை இல்லை. அவர் கையில் கட்டியிருக்கும் சின்னக் கேமராவில் எடுப்பார், அல்லது கூடவே குதிக்கும் வீடியோகிராஃபர் எடுப்பார். அந்தக் காசை அவர்களுக்கே கொடுத்துவிட்டு நிம்மதியாகக் குதியுங்கள்.

தனியாகக் குதிக்கிறவர் என்றால் 200 என்ற எண்ணை மனதில் வையுங்கள். அமெரிக்காவின் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ, கேமராவோடு குதிக்கிறவரிடம் குறைந்தது சி லைசென்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. அந்த லைசென்ஸ் கிடைக்க 200 ஜம்ப் முடித்திருக்க வேண்டும். கேமராவோடு பயன்படுத்தப்போகும் அதே பாராசூட் செட்டில் சமீபத்தில் 50 ஜம்ப்பாவது போட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உலகத்தில் பல டிராப்ஸோன்கள், அதாவது ஸ்கைடைவிங் நடக்கும் இடங்கள், இந்தக் கணக்கையே பிடித்துக்கொள்கின்றன.

நம் ஊர்க்காரர்களுக்கு இது கசப்பான எண் என்று எனக்குத் தெரியும். சென்னையில் நிரந்தர டிராப்ஸோன் இல்லை. ஹரியானாவின் நார்னோலுக்கோ, தாய்லாந்துக்கோ, துபாய்க்கோ லீவு போட்டுப் போய்த்தான் ஜம்ப் சேர்க்கிறோம். ஒரு பயணத்தில் இருபது முப்பது கிடைத்தாலே பெரிய விஷயம். இவ்வளவு செலவு செய்து போய்விட்டு வீடியோ இல்லாமல் திரும்ப மனசு வராது. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் நாம் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் குதிக்கிறவருடைய 200-க்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் மறந்ததை நினைவுபடுத்திக்கொண்டு குதிக்கிற நம்முடைய 200-க்கும் வித்தியாசம் உண்டு.

கேமரா முதலில் பறிப்பது கவனத்தை. 1988-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், 800 தடவைக்கு மேல் குதித்த அனுபவசாலி ஒருவர், மாணவர் ஒருவரைப் படம் எடுப்பதற்காக விமானத்தில் ஏறினார். தலையில் கேமரா, முதுகுப் பையில் ரெக்கார்டர். பாராசூட் மாட்டாமலே குதித்துவிட்டார். முதுகில் இருந்த ரெக்கார்டரின் எடையைப் பாராசூட் என்று நினைத்திருக்கலாம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். இன்றைய கேமரா நூறு கிராம் சொச்சம்தான். ஆனால் "ரெக்கார்ட் ஆகுதா, ஆகலையா" என்ற கேள்வி அன்று போலவே இன்றும் மனதைப் பிடித்துக்கொள்கிறது.

படி 2: ஹெல்மெட்டை முதலில் தேர்ந்தெடுங்கள்

நிறையப் பேர் கேமராவை வாங்கிவிட்டு அதற்கு ஒரு ஹெல்மெட் தேடுகிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

மெயின் பாராசூட் சரியாக விரியவில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டைத் திறக்கிறோம். இது எல்லோருக்கும் முதல் நாளே கற்றுத்தருவது. ஆனால் ஒரு கயிறு கேமராவில் சுற்றியிருந்தால், மெயின் தோளிலிருந்து விடுபட்டாலும் தலையிலிருந்து விடுபடாது. கழுத்தை இழுத்தபடி மேலே துடிக்கும் அந்தத் துணிக்குள் ரிசர்வ் போய்ச் சிக்கிக்கொள்ளலாம். அப்படி ஆகாமல் தப்பிக்க ஒரே வழி, ஹெல்மெட்டோ கேமராவோ நொடிகளில் உங்களை விட்டுப் போவதுதான்.

ஆகவே ஹெல்மெட்டில் முதலில் பார்க்க வேண்டியது தாடைப் பட்டையின் விடுவிப்பு. பட்டையில் ஒரு நாடாவோ குமிழோ இருக்கும். ஒரே இழுப்பில் முழு ஹெல்மெட்டும் கழன்றுவிட வேண்டும். கேமரா மட்டும் தனியாகப் பிய்ந்து போகும் தாங்கிகளும் கிடைக்கின்றன. எனக்கு முழு ஹெல்மெட்டும் போவதுதான் பிடிக்கும். கயிறு கேமராவில்தான் மாட்டும் என்று என்ன உறுதி? ஹெல்மெட்டின் விளிம்பில் மாட்டினாலும் அதே ஆபத்துதானே.

வாங்கும்முன் இதைச் செய்து பாருங்கள். ஹெல்மெட்டை அணிந்துகொண்டு, நண்பர் ஒருவரைப் பின்னாலிருந்து அதை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடி, கையுறையோடு, வலது கையால் ஒருமுறை, இடது கையால் ஒருமுறை விடுவியுங்கள். இழுவை இல்லாமல் எளிதாகத் திறக்கும் சில கொக்கிகள் இழுவை வந்ததும் இறுகிக்கொள்ளும். கடைக்காரர் மேசைமேல் வைத்துத் திறந்து காட்டுவதை நம்பி வாங்காதீர்கள்.

குக்கி, டோன்ஃப்ளை, போன்ஹெட் போன்றவை ஸ்கைடைவிங்குக்கென்றே ஹெல்மெட் செய்யும் பெயர்கள். பிரான்ஸின் எக்ஸ்பி எஸ் 72-600 என்ற தரநிலை ஸ்கைடைவிங் ஹெல்மெட்டுகளுக்காகவே உருவானது. அந்தச் சான்று உள்ள மாடலாக இருந்தால் நல்லது. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பைக் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அதன் சோதனையே வேறு. எடையும் பருமனும் அதிகம். ஓரப் பார்வையும் போதாது. அதேபோல ஸ்கைடைவிங் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓஎம்ஆரில் வண்டி ஓட்டவும் கூடாது.

படி 3: கேமரா எங்கே உட்கார வேண்டும்?

உச்சி, பக்கவாட்டு, தாடை என்று மூன்று இடங்கள். எதுவும் குறையில்லாதது இல்லை.

உச்சியில் வைத்தால் படம் நேராக வரும், கழுத்துக்கு இடவலச் சமநிலையும் இருக்கும். ஆனால் கயிறுகள் போகும் பாதைக்கு மிக அருகில் இருப்பது அந்த இடம்தான். கேமரா துருத்தும் உயரம் கூடக்கூட ஆபத்தும் கூடும். தட்டையாக, ஹெல்மெட்டோடு ஒட்டி உட்காரும் தாங்கி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பக்கவாட்டில் வைத்து நான் பட்டிருக்கிறேன். என் 230-ஆவது ஜம்ப்பில் கேனப்பி (பாராசூட்டின் குடைத்துணி) திறந்ததும் கயிறுகள் முறுக்கிக்கொண்டன. கயிறுகளைத் தோளோடு இணைக்கும் பட்டைகளான ரைசர்கள் இரண்டும் நெருங்கி வந்து என் தலையின் இரு பக்கமும் அழுத்தின. ஒரு ரைசர் கேமராவின் பின்பக்கத்தில் தட்டி நின்றுவிட்டது. தலையை நிமிர்த்திக் கேனப்பியைப் பார்க்க முடியவில்லை. காலை உதைத்து முறுக்கை அவிழ்க்க எடுத்த நேரம் பத்து நொடிகூட இருக்காது. ஆனால் மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் தொங்கிய அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. கேமரா இல்லாத தலை அந்த இடைவெளியில் திரும்பியிருக்கும்.

அதற்கப்புறம் தாடைக்கு மாறினேன். முழுமுக ஹெல்மெட்டின் வாய்ப் பகுதிக்கு முன்னால், அதற்கென்றே வார்த்த தட்டையான தாங்கியில் கேமரா உட்காரும். கயிறுகளின் பாதையிலிருந்து மூன்றில் இதுதான் தள்ளி இருக்கிறது. நாம் எங்கே பார்க்கிறோமோ அதையே படமும் காட்டும். இதன் குறை, கீழ்நோக்கிய பார்வையை மறைப்பது. மெயினைக் கழற்றும் கைப்பிடியும் ரிசர்வ் கைப்பிடியும் நெஞ்சில் இருக்கின்றன. முழு செட்டையும் மாட்டிக்கொண்டு குனிந்து பாருங்கள். இரண்டு கைப்பிடிகளும் தெரியவில்லை என்றால் அந்தத் தாங்கி உங்களுக்கு இல்லை.

பைக்கில் வீடியோ எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. தாடையில் வைப்பது உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கோணம் சரியாக வர நீளமான கை, இரண்டு மூட்டு, மேலே துருத்தும் திருகு என்று நீட்டி வைப்பீர்கள். வானத்தில் அந்த ஒவ்வொரு மூட்டும் ஒரு கொக்கி.

படி 4: நூல் சோதனை

கடையில் செய்ய முடியாவிட்டால் வீட்டிலாவது செய்யுங்கள். இதைவிட உபயோகமான சோதனை எனக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் அளவில் நைலான் நூல் வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா பொருத்திய ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, ஒருவர் நூலின் இரு முனையையும் பிடித்து ஹெல்மெட்டின் மேல் போட்டு இழுக்கட்டும். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால், பிறகு குறுக்கே, சாய்வாக, தளர்வாக, இறுக்கமாக. எங்கெல்லாம் நூல் நிற்கிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் குறி வையுங்கள்.

முதல் தடவை எத்தனை குறி விழுகிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். கேமராவின் அடிப்பகுதிக்கும் தாங்கிக்கும் நடுவில் ஒன்று. திருகின் தலையில் ஒன்று. மூடியின் கீலில் ஒன்று. ஹெல்மெட் கண்ணாடியின் ஓரத்தில்கூட. இடைவெளிகளைக் கடினமான நுரைத் துண்டாலோ வார்த்த பிளாஸ்டிக்காலோ நிரப்பி, மேலே துணி டேப்பை வழவழப்பாக ஒட்டுங்கள். நீளமான திருகை வெட்டிக் குட்டையாக்குங்கள். குறிகள் ஒன்றும் மிஞ்சாதவரை நூலை மறுபடி மறுபடி இழுங்கள். நிரப்பித் தீராத தாங்கியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேமரா விழுந்துவிடாமல் இருக்க ஒரு கயிறு கட்டி வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், அது இன்னொரு கண்ணி. தாங்கி காற்றுக்கு அசையாத பிடிப்போடு இருக்க வேண்டும். விடுவிப்பு ஹெல்மெட்டில் இருக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் சின்னக் கேமராக்களை வெறும் காந்தத்தை நம்பி எடுத்துப் போகாதீர்கள். கீழே மனிதர்கள் இருக்கிறார்கள்.

படி 5: எடை

கோப்ரோ ஹீரோ 12 பிளாக் 154 கிராம். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4, 145 கிராம். 2024-இல் வந்த சின்னக் கோப்ரோ ஹீரோ 86 கிராம். இன்ஸ்டா360 கோ 3-இன் கேமரா மட்டும் 35 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் எல்லாமே இலேசுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வயிற்றுப்புறம் கீழே இருக்க விழும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 முதல் 200 கிலோமீட்டர். அந்தக் காற்றில் ஏழுக்கு ஐந்து சென்டிமீட்டர் முகப்புள்ள கேமராவின் மேல் விழும் தள்ளுவிசை ஏறத்தாழ அரை கிலோ எடைக்குச் சமம். தலையின் ஓரத்தில் அரை கிலோவைக் கட்டி ஒரு நிமிடம் இழுத்தால் கழுத்து எப்படி இருக்கும்? பாராசூட் திறக்கும்வரை விழும் ஃப்ரீஃபால் அதுதான். பிறகு கேனப்பி திறக்கிறது. மென்மையாகத் திறந்தால் மூன்று நான்கு மடங்கு எடை. கடுமையாகத் திறந்தால் பத்து மடங்கு வரை போகலாம். 154 கிராம் அந்த நொடியில் ஒன்றரை கிலோ ஆகிறது. ஹெல்மெட்டும் தலையும் அதே பத்து மடங்கில். தலை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கழுத்து எலும்புகளுக்கு அது நல்லதல்ல. ஆகவே திறக்கும் நேரத்தில் கூடக் குதித்தவரைப் படம் எடுக்கத் தலையைத் திருப்பாதீர்கள். நேராக, அடிவானத்தைப் பார்த்தபடி இருங்கள்.

முதல் கேமராவுக்கு என் தேர்வு 90 கிராமுக்குக் கீழே உள்ளதுதான். படத்தின் தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். விட்டுக்கொடுக்கலாம். குச்சியில் நீட்டும் 360 டிகிரி கேமராக்களைப் பல வருடம் தள்ளிப்போடுங்கள்.

படி 6: படம்

இங்கேதான் எல்லோரும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எனக்கு அதிகம் சொல்ல இல்லை. 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் போதும், 2.7கேயும் போதும். மெதுவாக்கிப் பார்க்க ஆசை என்றால் விமானத்தை விட்டு வெளியேறும் நொடிக்கு மட்டும் 120. அதிர்வைக் குறைக்கும் வசதி நடுத்தர அளவில் இருக்கட்டும். அதிகம் வைத்தால் ஓரங்கள் வெட்டுப்படும், தலையைச் சட்டென்று திருப்பும்போது படம் பின்தங்கி இழுபடும். பின்னணியில் வெளுத்த வானமும் முன்னால் ஹெல்மெட் நிழலில் முகமும் இருப்பதால் வெளிச்ச அளவை அரைப் புள்ளி குறைத்து வையுங்கள்.

அகலக் கோணத்தைப் பற்றி ஒன்று. 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமானப் படைச் சாகசத்தைப் போனில் எடுத்தவர்களுக்கு இது தெரியும்: கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த விமானம் படத்தில் எறும்பாக இருந்தது. ஹெல்மெட் கேமராவும் அப்படித்தான். இரண்டு மூன்று மீட்டரில் இருக்கும் நண்பர் அழகாக விழுவார். பத்து மீட்டரில் புள்ளிதான். அதைச் சரிசெய்ய அவரை நெருங்கிப் போகாதீர்கள். நெருங்கும் திறமை வந்த பிறகு படம் தானாக வரும்.

படி 7: நம் ஊர் வெக்கையும் ஈரமும்

குதிக்கும் உயரம் 13,000 அடி, அதாவது சுமார் நான்கு கிலோமீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். தரையில் 34 டிகிரி என்றால் மேலே 8. அந்தக் குளிரில் ஆறிப்போன லென்ஸ் சில நிமிடங்களில் நம்முடையது போன்ற ஈரமான கடலோரக் காற்றுக்குள் இறங்குகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பது போல அது வேர்க்கும். வெளிப்பக்கம் வேர்த்தால் துடைக்கலாம். கண்ணாடி மூடிக்குள் வேர்த்தால் அந்த ஜம்ப்பின் கேனப்பிப் பகுதி முழுக்கப் பனிமூட்டம்தான். பட்டாயா பக்கம் எனக்கு மூன்று ஜம்ப் அப்படிப் போயின. இப்போது முந்தின இரவே ஏசி அறையில் பேட்டரிக் கதவைத் திறந்து வைக்கிறேன். காலையில் அங்கேயே மூடிவிட்டுத்தான் வெளியே எடுக்கிறேன். காரில் ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் கேமராவை வைப்பதில்லை.

இன்னொரு தொல்லை சூடு. மூடிய சின்ன விமானத்தில் இருபது நிமிடம் ஏறும்போது முழுக்க ரெக்கார்ட் செய்தால் கேமரா சூடாகி, குதிக்கும் நேரத்தில் தானே அணைந்துவிடலாம். ஒரே பொத்தானில் உயிர்பெற்று ரெக்கார்டைத் தொடங்கும் கேமராவாகப் பாருங்கள். கதவு திறக்க இரண்டு நிமிடம் முன்னால் போட்டால் போதும்.

படி 8: வாங்கும் நாள்

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். கேமராவைத் தாங்கியில் வைத்து, தலையில் மாட்டி, பொத்தானைக் கையுறையோடு தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். விளக்கு எந்தப் பக்கம் எரிகிறது? விமானத்தின் இரைச்சலில் பீப் சத்தம் கேட்காது. எதிரே இருப்பவர் சிவப்பு விளக்கைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டுவதுதான் நடைமுறை. விளக்கு தாங்கிக்குள் மறைந்தால் அதுவும் கிடைக்காது.

பழைய கேமரா என்றால் பத்து நிமிடம் 4கேயில் ஓடவிட்டுப் பாருங்கள். லென்ஸ் கண்ணாடியில் கீறல், பேட்டரிக் கதவின் ரப்பர் வளையம், பேட்டரி உப்பியிருக்கிறதா, இவ்வளவுதான். மெமரி கார்டு வி30 என்ற வேகத் தரத்தில், பில்லோடு. போலிக் கார்டுகள் நிறைய நடமாடுவதால், வீட்டுக்கு வந்ததும் கொள்ளளவைச் சோதிக்கும் இலவச மென்பொருளில் ஒருமுறை முழுக்க நிரப்பிப் பாருங்கள். 64 ஜிபி போதும். நொடிக்கு 15 எம்பி என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு ஜம்ப்புக்கு எட்டுப் பத்து நிமிடம்தான் தேவை.

விமானப் பயணத்தில் உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். இந்தியாவுக்குள் குதிப்பதாக இருந்தால் டிராப்ஸோனில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: விமான நிலையத்திலும் விமானத்திலிருந்தும் படம் எடுப்பதற்கு நம் நாட்டில் கட்டுப்பாடுகள் உண்டு.

படி 9: முதல் பத்து ஜம்ப்

டிராப்ஸோனுக்குப் போனதும் தலைமைப் பயிற்றுநரிடம் ஹெல்மெட்டைக் கொடுங்கள். நூல் சோதனையை அவரும் செய்யட்டும். கயிறு மாட்டினால் என்ன வரிசையில் எதைச் செய்வது, எந்த உயரத்துக்குக் கீழே ஹெல்மெட்டை மறந்துவிட்டு ரிசர்வுக்குப் போவது என்று அவரோடு பேசி முடிவு செய்து, தரையில் தொங்குபட்டையில் தொங்கிப் பழகுங்கள். முதல் சில ஜம்ப்புகளை அணைந்த கேமராவோடு, தனியாகக் குதியுங்கள். காற்று எங்கே இழுக்கிறது, காதருகே உள்ள ஒலி உயரமானி சரியாகக் கேட்கிறதா, கைப்பிடிகள் தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் கேமராவைப் போடுங்கள். போட்ட பிறகு அதை மறந்துவிடுங்கள். கதவருகே பாராசூட் பையை மூடியிருக்கும் பின்னைத் தொட்டுப் பார்ப்பதும் நெஞ்சுப் பட்டையைச் சரிபார்ப்பதும் முடிந்த பிறகுதான் பொத்தான்.

தரையிறங்கி வீடியோவைத் திறந்ததும், ஃப்ரீஃபாலைப் பார்க்கும் முன்பே, கேனப்பி திறக்கும் அந்த ஐந்து நொடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கயிறுகள் படத்தின் எந்த ஓரத்தில் போகின்றன, எவ்வளவு நெருக்கத்தில் போகின்றன என்று அதில் தெரியும். ஓரத்தில் ஒரு கயிறாவது தெரிந்தால் அடுத்த ஜம்ப்புக்கு முன் சுண்ணக்கட்டியையும் நைலான் நூலையும் மறுபடி எடுங்கள்.